வாங்காமல் விட்ட கலர் டி.வி.

தம்பி,

முதல்லயே சொல்லிடறேன், டி.வி. வாங்கலை. ஃப்ரிட்ஜும் வாங்கலை. தெப்பக்குளத்துக் கடைக்குப் போனேன், உன் மாமனாராகப் போறவரும் மணப்பாறையிலேர்ந்து வந்தார், ரெண்டு பேரும் மேல் மாடி வரைக்கும் ஏறிப் பார்த்தோம். கடைசியில வாங்கினது ரெண்டு டார்ச் செல். இதைப் படிச்சதும் உனக்கு மூக்கு மேல கோபம் வரும்னு தெரியும். வரட்டும். ஆனா பாதியில மடிச்சு வச்சுட்டு பெங்களூர்லேர்ந்து ட்ரங்க் கால் போடாதே. பக்கத்து வீட்டு போன்ல, அந்த வீடே காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறப்ப, இதையெல்லாம் என்னால பேச முடியாது. ஒரு காபி போட்டுக்கிட்டு உட்காரு. முழுசும் படிச்சுட்டு அப்புறம் கத்து.

நீ எழுதினதை நான் பத்து தடவை படிச்சேன்னு வச்சுக்கோ. "அம்மா, நாம எதுவும் கேக்கலை. அவங்களா ஆசைப்பட்டுத்தான் டி.வி.யும் ஃப்ரிட்ஜும் தரேங்கறாங்க. பாவம், அவருக்கு இதெல்லாம் வாங்கத் தெரியாது. நீ கூடப் போனா நல்ல விலைக்கு முடிச்சுக் கொடுப்பே. உன்னை விட்டா ஆள் யாரு?" உன் பேச்சில ஒரு தப்பும் இல்லைப்பா. கேக்கலைதான். நிச்சயதார்த்தத்தன்னிக்குக் கூட ஒரு வார்த்தை நம்ம வீட்டுலேர்ந்து யாரும் கேக்கலை. மாமனாருக்குக் கொஞ்சம் செலவைக் குறைச்சுக் கொடுன்னு நீ சொன்னதும் நல்ல மனசுலதான். எனக்கும், பொய் சொல்வானேன், உள்ளுக்குள்ள பெருமையாத்தான் இருந்துச்சு. ஸ்ரீரங்கத்துல நம்ம தெருவுல மிக்ஸி வாங்கணும், ஃபேன் வாங்கணும்னா என்னைத்தானே கூட்டிக்கிட்டுப் போறாங்க? அந்தக் கடை முதலாளி என்னைப் பார்த்தாலே, "வாங்கக்கா, இன்னிக்கு யாருக்காக என் தலையில துண்டு போடப் போறீங்க?"ன்னு கேப்பார். எனக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி.

பேரம் பேசறதுன்னா சத்தம் போடறதுன்னு நினைக்கிறாங்க. சத்தமே கூடாது. கடை திறக்கிற நேரத்துக்குப் போயிடணும். முதலாளி சாமி படத்துக்குப் பூ வச்சு ஊதுவத்தி கொளுத்திக்கிட்டு இருக்கும்போதே உள்ள போய் நின்னுடணும். முதல் போணி பண்ண வந்த ஆளை வெறுங்கையோட அனுப்ப எந்த வியாபாரிக்கும் மனசு வராது, தானா இறங்கி வருவார். தீபாவளிக்கு முன்னாடி போனா நம்மளை ஏறெடுத்துக் கூடப் பார்க்க மாட்டாங்க. ஆடியில போ, கல்யாணம் இல்லை, காட்சி இல்லை, கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருப்பாங்க, நாற்காலி போட்டுப் பேசுவாங்க. பிடிச்ச சாமானை முதல்ல தொடவே தொடாதே. அதுக்குப் பக்கத்துல இருக்கறதை விலை கேளு. இஸ்திரிப் பெட்டி ஓசி, டிபன் கேரியர் ஓசின்னு நீட்டுவாங்க. "அது வேண்டாங்க, அதுக்கு உள்ளதைக் கழிச்சுடுங்க"ன்னு சொல்லு. கண்ணாடிக்குப் பின்னாடி வெயில்ல காயற பீஸை வாங்காம, சீல் பிரிக்காத பெட்டியை இறக்கச் சொல்லி, உன் கண் முன்னாடி பிரிச்சு, கரண்ட் கொடுத்து ஓட விட்டுப் பாரு. கேரண்டி கார்டுல கடை சீல் குத்தாம படி இறங்காதே. ஆன்டெனா, வயர், ஸ்டெபிலைசர், கொண்டு வந்து மாட்டிக் கொடுக்கற கூலி, இதெல்லாம் விலை படியறதுக்கு முன்னாடியே சேர்த்துப் பேசிடணும். விலை படிஞ்சப்புறம் கேட்டா ஒவ்வொண்ணுக்கும் தனியாத் தாளிச்சுடுவாங்க.

எல்லாத்தையும் விட முக்கியம், கூட ஒரு ஆள் வேணும். நம்ம வீட்டுல அது உங்க அப்பா. பொன்மலை ஒர்க்‌ஷாப்புல எத்தனை பேரை மேய்க்கிறாரோ எனக்குத் தெரியாது, கடையில அவருக்கு நான் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். வாசல் பக்கமா குடையை வச்சுக்கிட்டு நிக்கணும். நான் தலையைத் திருப்பிப் பார்த்தா, "நேரமாச்சு, சின்னக்கடைத் தெருவுல இன்னொரு கடை பார்ப்போம், வா"ன்னு சொல்லணும். அவ்வளவுதான். இதுல என்ன கஷ்டம்? ஆனா முதல் மிக்ஸி வாங்கின அன்னிக்கு, நான் மூச்சைப் பிடிச்சுப் பேசி, விலை இறங்க ஆரம்பிச்சு, திரும்பிப் பார்க்கறேன், இந்த மனுஷன் முகமெல்லாம் மலர்ந்து போய், "அட, நல்லாத்தானே இருக்கு! எடுத்துக்கலாமே!"ங்கறார். முதலாளி சிரிச்ச சிரிப்பு இருக்கே! ஒண்ணாம் நம்பர் பஸ்ல காவேரிப் பாலம் தாண்டற வரைக்கும் நான் அவர் முகத்தைப் பார்க்கலை. நீ அப்போ மிக்ஸிப் பெட்டி மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு வந்தே, அதுதான் உன் குதிரை.

இன்னொரு ரகசியமும் இருக்கு. தெருவுல எல்லாருக்கும் சொல்லுவேன், உனக்கு இதுவரைக்கும் சொன்னதில்லை. கடைக்குள்ள கால் வச்சதும் சேல்ஸ்மேன் தேனொழுகக் கேப்பான், "வீட்டுக்குங்களா, சீருக்குங்களா?" அங்கதான் சூட்சுமமே. வீட்டுக்குன்னா அது ஒரு விலை. சீருக்குன்னு வாயைத் திறந்துட்டா போச்சு. ஏன்னா பொண்ணைப் பெத்தவங்க பேரம் பேச மாட்டாங்க. பேச முடியாது. பக்கத்துல சம்பந்தி வீட்டு ஆள் நிக்கும்போது, "கொஞ்சம் குறைச்சுக்குங்க"ன்னு எந்த வாயால கேக்கறது? பொண்ணுக்குச் செய்யறதுலயே கணக்குப் பார்க்கறான் பாருன்னு ஆயிடாதா? கடைக்காரங்களுக்கு இது தலைகீழ்ப் பாடம். இருக்கறதுலயே உசத்தியானதைக் கொண்டு வந்து முன்னாடி வச்சுட்டு, கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க.

இதை நான் கடையில கத்துக்கலைப்பா. என் கல்யாணத்துல கத்துக்கிட்டேன்.

என் அப்பாவை, உன் உறையூர்த் தாத்தாவை, உனக்கு அவ்வளவா ஞாபகம் இருக்காது. காந்தி மார்க்கெட்டுல அவர் வரார்னா காய்க்காரம்மாக்கள் முருங்கைக்காயை முந்தானையில மறைப்பாங்க. ஒரு கட்டுக் கீரைக்கு அவர் பேசற பேச்சுக்கு, அந்த அம்மா கடைசியில சிரிச்சுட்டு, "எடுத்துக்கிட்டுப் போய்யா, உனக்கு நான் தாங்க மாட்டேன்"ன்னு இன்னொரு கட்டையும் சேர்த்துப் போடும். அப்படிப்பட்ட மனுஷர். என் கல்யாணத்துக்கு ரேடியோ வாங்கப் பெரிய கடை வீதிக்குப் போனோம். என் மாமியாராகப் போற உன் பாட்டியும் அவங்க தங்கையும் பார்க்கறதுக்குன்னு வந்திருந்தாங்க. கடைக்காரர் கேட்டார், வீட்டுக்கா சீருக்கான்னு. அப்பா நிமிர்ந்து நின்னு, "சீருக்கு"ன்னார். அவ்வளவுதான், அதுக்கப்புறம் அவர் பேசவே இல்லை. உன் பாட்டி மரப்பெட்டி போட்ட பெரிய ரேடியோவைக் கை காட்டினாங்க. சொன்ன விலையை அப்படியே எண்ணிக் கொடுத்தார். வெளியில வந்து குதிரை வண்டிக்காரன் கேட்ட கூலியைக் கூட வாயைத் திறக்காம கொடுத்தார், ஏன்னா அவங்க ரெண்டு பேரும் இன்னும் பக்கத்துலதான் நின்னாங்க. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். பேரம் பேசாத என் அப்பாவை எனக்கு அடையாளமே தெரியலை.

அந்த ரேடியோ நம்ம வீட்டுக்கு வந்தது. வாங்கினது என் அப்பா, போஸ்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் எடுத்தது என் மாமனார் பேருல, இருந்தது உன் பாட்டி ரூம்ல. நான் அதைத் திருகறதுன்னா, "அத்தை, வைக்கட்டுங்களா?"ன்னு கேட்டுட்டுத்தான் திருகணும். உன் பாட்டி கெட்டவங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ பிறந்தப்ப எனக்குப் பத்தியம் வச்சு வச்சு அவங்க இளைச்சுப் போனாங்க. ஆனா மழை பெஞ்சு ரேடியோ கரகரன்னா, "உங்க வீட்டு ரேடியோ கத்துது பாரு"ம்பாங்க. நல்லாப் பாடினா அது நம்ம வீட்டு ரேடியோ, கத்தினா எங்க வீட்டு ரேடியோ. நான் சிரிச்சுக்குவேன். அது கூடப் பரவாயில்லை. என் அப்பா வரும்போது நடக்கும் பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியாது. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்ததும், "நல்லா இருக்கியாம்மா?"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி, பாட்டி ரூம் பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டு, மெதுவா, "பாடுதாம்மா?"ன்னு கேப்பார். பாடுதுப்பான்னு சொன்னப்புறம்தான் உட்காருவார். சாகற வரைக்கும் அந்த மனுஷர் என்கிட்ட முதல்ல கேட்டது ரேடியோவைத்தான்.

சரி, இப்போ கடைக்கு வரேன். போணி நேரத்துக்குப் போயிடணும்னு நான் விடியறதுக்கு முன்னாடியே குளிச்சுட்டுக் கிளம்பினேன். அப்பாவுக்கு ஷிப்ட், அதனால குடைக்கு ஆள் இல்லை. போய்ப் பார்த்தா, எனக்கு முன்னாடியே உன் மாமனார் மணப்பாறை முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்து, கடை வாசல்ல நிக்கிறார். சலவை வேட்டி, ஸ்கூல் டிராயிங் மாஸ்டராச்சே, சட்டைப் பையில பேனா, கையில மஞ்சப் பை. உனக்குன்னு முறுக்கு. "சம்பந்தியம்மா வாங்க, வாங்க. நீங்க எதுக்கு அலையறீங்க, நீங்க கை காட்டினா போதாதா"ன்னார். நான் போறதுக்குள்ள விஷயம் முடிஞ்சு போயிருந்தது. ஷட்டரைத் தூக்கும்போதே கடைப் பையன் கேட்டிருக்கான், இவரும் சொல்லிட்டார். முதலாளி என்னைப் பார்த்து அசடு வழிஞ்சார். "அக்கா, உங்க ஆளுன்னு தெரியாது. சீருக்குன்னு சொன்னாருங்க, மாடியில பெரிசா எடுத்து வச்சுட்டேன்."

மாடியில கலர் டி.வி. ஓடிக்கிட்டு இருந்தது. அந்நேரத்துக்கு ஏது நிகழ்ச்சி, கேசட் போட்டு விட்டிருந்தாங்க. தோட்டம், பூ, மலைன்னு, சிவப்பெல்லாம் கண்ணைக் குத்தற மாதிரி. நான் உள்ளுக்குள்ள கச்சையைக் கட்டிக்கிட்டுத் தயாராயிட்டேன். சீருன்னு சொன்னா என்ன, பேசறது நானாச்சே, மாப்பிள்ளையோட அம்மா பேசினா யாருக்கு என்ன குறைச்சல்? பக்கத்துல இருந்த செட்டைத் தொட்டு விலை கேட்டேன். அப்போ உன் மாமனார் பதறிப் போய்க் கிட்ட வந்தார். "வேண்டாங்க சம்பந்தியம்மா, இதுவே இருக்கட்டும். நீங்க போய் பேரம் பேசறதாவது, எனக்கு மரியாதையாங்க அது? சின்னவளுக்கு அப்புறம் பார்த்துக்கறேன், பெரியவளுக்குக் குறை வைக்கக் கூடாது." சொல்லிட்டு முதலாளிப் பக்கம் திரும்பினார். அவர் விலை கேக்கலை, தம்பி. ஸ்க்ரீன் எவ்வளவு பெரிசுன்னு கேக்கலை. "இது கெட்டுப் போகாதுங்களே? பெங்களூர்ல இருப்பாங்க. ஏதாவது ஆச்சுன்னா அங்க ஆள் வந்து பார்ப்பாங்களா? இல்லேன்னா எனக்கு எழுதினா போதும்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிடறேன், நானே வந்து ரிப்பேருக்கு எடுத்துக்கிட்டுப் போறேன்."

அவர் பேசறது என் காதுல விழலை, என் அப்பாதான் நின்னுக்கிட்டு, பாடுதாம்மான்னு கேக்கற மாதிரி இருந்தது. இன்னும் எத்தனை வருஷத்துக்கு இந்த மனுஷர் பெங்களூருக்கு வரும்போதெல்லாம் தன் பொண்ணு சாந்தி முகத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி அந்தப் பெட்டியைப் பார்ப்பார்னு நினைச்சேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. டி.வி. வெளிச்சம் கூசுதுன்னு சொல்லித் துடைச்சுக்கிட்டேன்.

"அண்ணே, இது வேண்டாம், வாங்க போலாம்"னேன். அதுவரைக்கும் சம்பந்தி, சம்பந்தின்னுதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன், அண்ணேன்னு தானா வந்துடுச்சு. அவர் முகம் வெளுத்துப் போச்சு. "ஏங்க, மாடல் பிடிக்கலைங்களா? இதை விடப் பெரிசு பார்க்கலாங்களா?" இல்லைண்ணே, எதுவுமே வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம், பசங்க வேலை பார்க்கறாங்க, அவங்க வாங்கிப்பாங்கன்னேன். அவர் நம்பலை. பிடிக்காததை மறைச்சு நாசூக்காச் சொல்றேன்னு நினைச்சுட்டார். கையைப் பிசைஞ்சுக்கிட்டு, குரலை இறக்கி, "மாப்பிள்ளை கோச்சுக்குவாருங்களே"ன்னார்.

தம்பி, அந்த மாப்பிள்ளை நீ. இடி இடிச்சா என் முந்தானைக்குள்ள தலையை விட்டுக்கிட்ட பய. கரப்பான்பூச்சிக்குக் கட்டில் மேல ஏறி நின்னவன். உன்னைப் பார்த்து நரைச்ச தலையோட ஒரு மனுஷர் பயப்படறார். நீ ஒண்ணுமே செய்யலை, ஒரு வார்த்தை கேக்கலை, ஆனா பயப்படறார். கேக்காம கிடைக்கறது சந்தோஷமாத்தான் தராங்கன்னு நீ நினைக்கிறே. ஆசையும் இருக்குப்பா, இல்லேன்னு சொல்லலை. ஆனா பயம் எவ்வளவு, ஆசை எவ்வளவுன்னு அவருக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியாது. என் அப்பாவுக்கும் தெரியலை. இந்த ஊர்லேயே கெட்டிக்காரத்தனமா சாமான் வாங்கறவள்னு பேர் எடுத்த நான், அவரை இன்னும் கொஞ்சம் குறைச்ச விலைக்குப் பயப்பட வைக்கவா அங்க போனேன்? நல்ல பேரம்டா சாமி!

முதலாளிக்குத்தான் முகம் தொங்கிப் போச்சு. "அக்கா, முதல் போணி..."ன்னு இழுத்தார். அவர் பொழப்பு, அதுவும் நியாயம்தானே? போணி கெடக் கூடாதுன்னு ரெண்டு டார்ச் செல் வாங்கினேன். பேரம் பேசாமத்தான் வாங்கினேன். என்னைப் பார்த்து பயந்தே போயிட்டார்.

இனிமேதான் கேளு. தெப்பக்குளத்தோரமா வந்தோம். என்ன ஆகுமோன்னு அவர் மனசு அடிச்சுக்கறது நடையிலேயே தெரிஞ்சது. நான் என் அப்பா கதையை, இப்போ உனக்கு எழுதினேனே அதை, ரேடியோவோட சேர்த்துச் சொன்னேன். ஓரமா நின்னு கேட்டார். "என் பையன் கோச்சுக்கிட்டா என்கிட்ட கோச்சுக்கட்டும், உங்க வீட்டு வாசப்படிக்கு அது வராது. இது என் வார்த்தை"ன்னு சொன்னேன். மேல்துண்டால முகத்தைத் துடைச்சார், ரொம்ப நேரம் துடைச்சார். அப்புறம் மலைக்கோட்டை வாசல் பக்கம் ஒரு அம்மா கூடையில கொய்யாப்பழம் வச்சுக்கிட்டு இருந்தது. குனிஞ்சு ஒண்ணைக் கையில எடுத்துப் பார்த்தார். "என்னம்மா, மரத்துலயே காஞ்சதா?"ன்னார். ஆரம்பிச்சார் பாரு! அந்த அம்மா ஒண்ணு சொல்ல, இவர் ஒண்ணு சொல்ல, கூடையை விட்டு நகர்றதும், திரும்பறதும், பழத்துக்கு வயசு கேக்கறதும்... எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. அந்த அம்மாவும் சிரிச்சுட்டு, கேட்ட விலைக்குக் கொடுத்து, மேல ரெண்டு பழமும் போட்டுச்சு. பாவம், அவருக்கு இதெல்லாம் வாங்கத் தெரியாதுன்னு நீ எழுதினியே, அவருக்கா தெரியாது? என்னை மூட்டை கட்டிப் போட்டுடுவார். மாடியில நின்ன மனுஷர் இவர்தானான்னு எனக்கே சந்தேகமா இருந்தது. இவர்தான் நிஜ மனுஷர். இவரோடதான் நீ உறவு வச்சுக்கணும்.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கொய்யாப்பழத்தைக் கடிச்சுக்கிட்டே கேட்டார். "நல்ல வேளை, நான் கூட வரலை. நல்லாத்தானே இருக்கு, எடுத்துக்கலாம்னு சொல்லித் தொலைச்சிருப்பேன்"ன்னார். அப்புறம் எழுந்து போய், பரண் மேல கிடந்த அந்த ரேடியோவை இறக்கித் துடைச்சார். அது பாடி எத்தனை காலம் ஆச்சு. ஆனாலும் துடைச்சார்.

நீ செய்ய வேண்டியது இதுதான். இன்னிக்கே உன் மாமனாருக்கு உன் கையெழுத்துல நாலு வரி எழுதிப் போடு. அம்மா சொன்னான்னு எழுதாதே, நீயா எழுது. என் வார்த்தையைக் காப்பாத்தறதுக்காக மட்டும் எழுதினா அதுலயும் அவர் உன் கோபத்தைத்தான் தேடுவார். கல்யாணம் ஆகி முதல் ஆடிக்கு சாந்தியை அழைச்சுக்கிட்டு ஊருக்கு வருவீங்க இல்லையா, அப்போ கடை ஈ ஓட்டிக்கிட்டு இருக்கும். ரெண்டு பேரும் சேர்த்து வச்சதுல என்ன வருதோ அதை வாங்குங்க. கறுப்பு வெள்ளையா இருந்தா என்ன, தவணையில இருந்தா என்ன. ஷட்டர் தூக்கற நேரத்துக்கு எல்லாரும் போவோம். பணம் நீ கொடு. விலையை உன் மாமனார் பேசட்டும். குடையோட வாசல்ல நிக்க நான் இருக்கேன். சேல்ஸ்மேன் வந்து, வீட்டுக்குங்களா, சீருக்குங்களான்னு கேப்பான். நீ வாயைத் திறக்காதே. சாந்தி சொல்லட்டும்.

உன் அம்மா